அக்கா வட்டமிட்ட ‘நாங்கள்’

படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது நானா, அக்காவா? அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகின்ற இந்த நாளிலும் இக்கேள்வி என்னை விடவில்லை. நினைவு மலரில் ஒரு கட்டுரையை இப்படித் தொடங்கலாமா என்பதும் தெரியவில்லை. அக்காவின் கணவரான அத்தானிடம் கேட்டேன். “உன்ர அக்காவைப் பற்றித்தானே எழுதுறாய். சுத்தி வளைச்சு எழுதினால் அவவுக்குப் பிடிக்காது. நேர எழுது” என்றார். ஆகவே நேராகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா வடமராட்சியில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஒன்பது வருடங்களுக்குப் பிறகு நான் பிறந்தேன். எங்களுக்கிடையில் வேறு பிள்ளைகள் இல்லை. அப்பா நோயில் காலமான பின் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு லண்டன் வந்தார். அப்போது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. முதலில் செவன் கிங்ஸில் உறவினர் ஒருவரின் வீட்டு மேல் அறையில் இருந்தோம். பிறகு மிச்சம் என்ற பகுதியில் நகரசபையின் கவுன்சில் வீடு கிடைத்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், “மற்ற ஆக்கள் எடுத்தது போக மிச்சத்தில” என்பார் அக்கா. அந்தப் பகிடியை அவர் எத்தனை கலியாண வீடுகளில் சொல்லியிருப்பார் என்பது இம்மலரை வாசிக்கும் உங்களுக்கே தெரியும்.

அக்காவைப் பக்கத்தில் இருந்த கல்லூரியில் ஒரு வகுப்பில் சேர்த்தார்கள். இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் போனார். நல்ல புள்ளிகளும் எடுத்தார். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான், அந்தச் சான்றிதழ் நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கானது, அதை வைத்துப் பட்டப்படிப்புக்கு எடுக்க மாட்டார்கள் என்று சொன்னார்கள். சேர்ந்த நாளில் அதை யாரும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கல்லூரி முடிந்தால் அடுத்தது பல்கலைக்கழகம் என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்திருந்தோம். அன்று அக்கா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் படியில் குந்தியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அழவில்லை. “ரெண்டு வருசம் பிழையான பஸ்ஸில இருந்திருக்கிறன்” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு சூப்பர்மார்க்கெட்டில் காசாளராக நின்றார். அத்தானைத் திருமணம் செய்தார். பெரியவர்கள் மீண்டும் படித்துப் பல்கலைக்கழகம் போவதற்கென்று ஓராண்டு ‘அக்சஸ்’ வகுப்பு இருப்பதை ஒரு வாடிக்கையாளர் சொல்லி அறிந்து அதில் சேர்ந்தார். இருபத்தைந்து வயதில் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்தார். படித்து முடித்ததும் அவர் தேடிப் போன வேலை, தெற்கு லண்டனில் வேறொரு கல்லூரியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை. கடைசி வரை அதைவிட்டு அவர் வேறெங்கும் போகவில்லை.

அக்காவின் மேசைக்கு வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இது முடிய எங்க போகப்போறியள்?” என்பதுதான். அதற்குப் பதில் கிடைக்காமல் படிவத்தைத் திறக்க மாட்டார். “ஒரு யூனியைச் சொல்லுங்கோ” என்று பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்பார். சொன்னதும் தொலைபேசியை அவர்கள் பக்கம் தள்ளிவிடுவார். இந்தச் சான்றிதழை ஏற்பீர்களா, எந்தப் பாடத்தில் என்ன தரம் வேண்டும் என்று மாணவரே கேட்க வேண்டும். அக்கா பக்கத்தில் இருந்து கேட்பார். பிறகு அதையே மின்னஞ்சலில் எழுதித் தரும்படி கேட்க வைத்து, வந்த பதிலை அச்செடுத்துக் கையில் கொடுப்பார். சோமாலியர், கானா நாட்டவர், போலந்துக்காரர் என்று எல்லோருக்கும் இதே முறைதான். எங்கள் ஆட்களோ கல்லூரிக்கே வரத் தேவையில்லை என்று நினைத்தார்கள். கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும் அக்காவைப் பிடித்துவிடுவார்கள்.

விண்ணப்பத்தில் தங்களைப் பற்றித் தாங்களே எழுத வேண்டிய ஒரு பகுதி உண்டு. எங்கள் ஆட்கள் அதில் செய்கிற பிழையை அக்கா தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார். ஆங்கிலத்தில் எழுதினாலும் ‘நான்’ வராது. ‘நாங்கள்’தான் வரும். நாங்கள் கடை நடத்தினோம், நாங்கள் மாமியைப் பார்த்தோம், நாங்கள் படிக்க விரும்புகிறோம். ‘நான்’ என்று எழுதினால் பெருமையடிப்பது போல இருக்கிறதாம். அக்கா பச்சைப் பேனையால் ஒவ்வொரு ‘நாங்கள்’ மீதும் வட்டம் போடுவார்.

“யூனிக்கு எத்தினை பேர் போறியள்? மினிபஸ் பிடிக்கிறதோ?”

அத்தானிடம் ஒருநாள் அலுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. “மற்ற நாட்டுப் பிள்ளையள் ஒரு சனிக்கிழமை முதியோர் இல்லத்தில தேத்தண்ணி குடுத்ததைப் பத்து வரி எழுதுதுகள். எங்கட பொம்பிளையள் பத்து வருசம் மாமியைத் தூக்கிக் குளிக்க வாத்ததை எழுதாதுகளாம். அதெல்லாம் ஒரு வேலையோ அக்கா எண்டு என்னட்டையே கேக்குதுகள்.”

இறுதிக் கிரியைக்கு வந்திருந்த ஓர் அண்ணை, முன்பு மினிகாப் என்னும் வாடகைக் கார் ஓட்டியவர், இப்போது ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்பவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, “தங்கச்சி, உங்கட அக்காதான் எனக்கு ‘நான்’ எண்டு எழுதப் பழக்கினவ. இப்ப மனிசி ஏசுறா, வாயைத் திறந்தால் நான் நான் எண்டுதானாம்” என்றார். அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டோம்.

இனி என் விடயம். இதை எழுதலாமா என்று மூன்று தடவை யோசித்தேன். அக்கா பல்கலைக்கழகத்தில் படித்த அந்த மூன்று வருடங்களும் எனக்குப் பதினாறிலிருந்து பத்தொன்பது வயது. அப்போதுதான் அம்மாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ். நான் அம்மாவுடன் போய்வந்தேன். பல்கலைக்கழகம் போவதற்கான ஏ-லெவல் பரீட்சையில் எனக்கு நல்ல முடிவு வரவில்லை. அம்மா காலமான பிறகு ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன், திருமணம் ஆனது, பரீட்சை முடிவு பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. குறையாக நான் அதை நினைத்ததும் இல்லை. இல்லை என்றுதான் இதுவரை சொல்லிவந்திருக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அக்கா என்னையும் அக்சஸ் வகுப்பில் சேர்த்தார். தாதியர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்தபோது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவின் குசினி மேசையில் என் கடிதத்தை வைத்தேன். அத்தான் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அக்கா பச்சைப் பேனையை எடுத்தார்.

“இஞ்ச பார். ‘அம்மா நோயுற்றபோது நாங்கள் அவரைப் பராமரித்தோம்.’ ஆர் இந்த நாங்கள்?”

“நானும் நீங்களும்தான்.”

“பொய் எழுதாதை.”

“என்ன பொய்? ரெண்டு பேரும்தானே பார்த்தம்?”

“ட்ராமில அம்மாவோட ஆசுப்பத்திரிக்குப் போனது ஆர்?”

“நான்.”

“மெசின் சத்தம் போட்டால் நேர்ஸைக் கூப்பிட்டது?”

“நான்தான். அதுக்கு இப்ப என்ன?”

“அந்த நேரம் நான் எங்க?”

நான் கடிதத்தை என் பக்கம் இழுத்தேன்.

“சொல்லன்.”

“லெக்சருக்குப் போனீங்கள். நான்தானே போகச் சொன்னனான்.”

“பதினேழு வயசுப் பிள்ளை சொன்னால், நான் போறதோ?”

அக்காவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. பேனையை என்னிடம் தந்தார். “இந்த நாங்களுக்குள்ள நான் இல்லை. நீயே வெட்டு.”

அடுப்படியில் நின்ற அத்தான், “சண்டை முடிஞ்சால் சொல்லுங்கோ, புட்டு ஆறுது” என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்கள் தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டிருப்பியள், புட்டு கெதியில ஆறாது” என்றார். நான் வெட்டி, ‘நான்’ என்று எழுதினேன். அந்தக் கடிதத்துக்கு இடம் கிடைத்தது.

அன்றிலிருந்துதான் எனக்குச் சந்தேகம். மாணவர்கள் எல்லோருக்கும் போட்ட அதே வட்டத்தைத்தான் எனக்கும் போட்டாரா, அல்லது இத்தனை வருடம் அவர் மனத்தில் கிடந்த ஒன்றை இறக்கி வைக்கத்தான் என்னைப் படிக்க அனுப்பினாரா? நான் கேட்டிருக்கலாம். புட்டு ஆறுகிறது என்று சாப்பிடப் போய்விட்டேன்.

மகன் பிறந்தான். படிப்பை ஒரு வருடம் தள்ளிவைத்தேன். அவனுக்கு நான்கு மாதம் ஆனபோது அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். அக்கா அழுதது ஒரு நாள். மறுநாள் தன் மாணவர்களின் விண்ணப்பங்கள் யாரிடம் போகும் என்று கல்லூரிக்குத் தொலைபேசி எடுத்தார். மருத்துவமனைக் கட்டிலில் இருந்துகொண்டே ஒரு பிள்ளையின் கடிதத்தைத் திருத்தினார். தாதி வந்து, இது உங்கள் அலுவலகம் இல்லை என்று அன்பாகக் கடிந்துகொண்டார். அக்கா, அவர் எங்கே படித்தவர், எந்த வழியால் வந்தவர் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அந்தத் தாதியும் அக்சஸ் வகுப்பால் வந்தவர்தான். அன்று முழுவதும் அக்கா சந்தோசமாக இருந்தார்.

கடைசிக் கிழமையில் ஒரு மதியம் அவர் நன்றாக விழித்திருந்தார். நான் கேட்டேன்.

“அக்கா, செப்ரெம்பரில நான் போகட்டோ?”

“யூனிஃபோர்ம் என்ன நிறம்?”

“வெள்ளை எண்டு நினைக்கிறன். தோளில நீலக் கோடு.”

“வெள்ளையோ? உன்ர பிள்ளை சத்தி எடுத்தால் கறை தெரியுமே” என்று சிரித்துவிட்டுக் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு இதைப் பற்றி நாங்கள் பேச வாய்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை, அத்தானும் அக்காவின் மகளான என் பெறாமகளும் நானும் பக்கத்தில் இருக்க, அக்காவின் மூச்சு அமைதியாக நின்றது.

அது ‘போ’ என்று சொன்னதுதான் என்கிறார் என் கணவர். சில நாட்களில் எனக்கும் அப்படித் தோன்றுகிறது. வேறு நாட்களில் அது வலிமருந்தின் பேச்சு என்று தோன்றுகிறது. அக்கா போன துயரத்தைச் சொல்லிப் படிப்பை இரண்டாம் முறையும் தள்ளிவைத்தேன். மூன்றாம் முறை தள்ளிவைக்க முடியாது என்று பல்கலைக்கழகம் எழுதியிருக்கிறது. இந்த மாத இறுதிக்குள் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இடம் போய்விடும். அக்சஸ் சான்றிதழும் பழையதாகிக்கொண்டு போகிறது.

மகனுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. இன்னும் நான்கைந்து சொற்கள்தான் பேசுகிறான். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி, பொறுத்திருந்து பார்ப்போம் என்கிறார். இரண்டு மொழி கேட்பதாலா, நான் அவனுடன் போதியளவு பேசாததாலா என்று தெரியவில்லை. கணவர் பஸ் ஓட்டுகிறார். அவருடைய ஷிப்ட் கிழமைக்குக் கிழமை மாறும். படிப்பில் பாதி நாட்கள் மருத்துவமனையில் பன்னிரண்டு மணிநேரப் பயிற்சி. நான் வீட்டில் இல்லாத அந்த நேரத்தில்தான் இவன் பேசத் தொடங்குவானோ, அல்லது நான் இல்லாததாலேயே பேசாமல் விடுவானோ என்று யோசித்தே ஒரு வருடம் போய்விட்டது.

நன்றி சொல்ல வேண்டியவர்களை மறந்துவிடக் கூடாது. அக்காவைக் கண்ணியமாகப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், அக்கா நோயுற்றிருந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டு அடுப்பு எரியத் தேவையில்லாதபடி முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், ஸ்ட்ரெதம், செவன் கிங்ஸ் என்று பக்கம், தூரம் பாராமல் வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் இடத்தில் இருந்து அந்த வருட விண்ணப்பங்களை ஒன்றும் தவறவிடாமல் அனுப்பி முடித்த அவருடைய சக ஊழியர்களுக்குத் தனியான நன்றி. அத்தானும் பெறாமகளும் தங்கள் நினைவுகளை இம்மலரில் வேறாக எழுதியிருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கைக்குழந்தையோடு படிக்கப் போனவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அக்காவின் மேசையிலிருந்தே போனவர்களும் இருக்கிறீர்கள். “உனக்கு ஏலும், நீ செய்வாய்” என்று சொல்வீர்கள் என்று தெரியும். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது, உங்களுக்கு எது பிழையாய்ப் போனது என்பதுதான். பிள்ளை உங்களைத் தேடி அழுத நாளில் என்ன செய்தீர்கள்? பிள்ளை உங்களை மறந்ததா? கிடைத்த இடத்தை விட்டுவிட்டுப் பிள்ளையோடு நின்றவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள், பிறகு மனம் ஆறியதா? இன்று இந்த நினைவு நாள் மதிய உணவின்போது மண்டபக் கதவடியில் மகனைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். என் கையைப் பிடித்துவிட்டுப் பேசாமல் போய்விடாதீர்கள். இரண்டு நிமிடம் நின்று உள்ளதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அன்புத் தங்கை
மிச்சம், லண்டன்