வெள்ளிக் கம்பியும் சாரதாம்பாளின் காதும்

சாரதாம்பாளுக்கு எரிச்சல் சீக்கிரம் வரும். காஜா பேராங் வட்டாரத்தில் அவளிடம் பாட்டுக் கற்ற பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். அடுப்படியில் அவள் தாளித்துக்கொண்டிருப்பாள். கூடத்தில் பாடுகிறவளின் குரல் சுருதியை விட்டு இம்மி இறங்கினாலும் போதும், கடுகு வெடிக்கும் சத்தத்தையும் தாண்டி, "சீ, மேல ஏறுடி" என்று அங்கிருந்தே குரல் வரும். திட்டு வாங்கிய பெண்களின் தாய்மார் இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வார்கள். டீச்சர் காதுக்கு எதுவும் தப்பாது என்பார்கள்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருடம் அது. நாள் குறித்தாகிவிட்டது. அன்றைக்கு நடப்பதை வீட்டிலிருந்தே கேட்க வேண்டும் என்று ஆளாளுக்கு ரேடியோ வாங்கினார்கள். ஜாலான் பெண்டஹாராவில் ரேடியோக் கடை வைத்திருந்த ராஜரத்தினத்துக்கு நல்ல வியாபாரம். ரேடியோ வாங்க வேண்டியவர்கள் எல்லாம் வாங்கி முடித்த பிறகு அவன் ஒரு கம்பியைக் கொண்டுவந்தான். கூரையில் கட்டிய ஏரியலிலிருந்து ரேடியோவுக்கு இறங்குகிற கம்பி. எல்லார் வீட்டிலும் அதற்குச் சாதாரணச் செம்புக் கம்பிதான். இவனுடையது வெள்ளி கலந்ததாம். சிவப்பு வெல்வெட் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. மேலே ஒரு அம்புக்குறி. சத்தம் அந்தப் பக்கமாகத்தான் ஓடுமாம், திருப்பி மாட்டினால் குரல் கரகரத்துவிடுமாம். விலை ரேடியோவில் பாதி.

ஒருநாள் அவன் பழத்தட்டோடு சாரதாம்பாள் வீட்டுக்கு வந்தான்.

"சனிக்கிழமை கடையில போட்டுக் காட்டுறேன் டீச்சர். நீங்க வந்து, வித்தியாசம் தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்லா. உங்களுக்கு ஒரு பெட்டி சும்மாவே தர்றேன்."

"கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள் அவள். பழத்தைத் தொடவில்லை.

சனிக்கிழமை மாலை கடை நிறையக் கூட்டம். செட்டிநாட்டு வீட்டம்மா அழகம்மை முன்வரிசை நாற்காலியில் இருந்தாள். அவளுடைய இரண்டு பெண்களும் சாரதாம்பாளிடம் பாட்டுப் படிப்பவர்கள். மற்ற மாணவிகளில் பாதிப் பேர் அவள் சிபாரிசில் வந்தவர்கள். பக்கத்தில் மளிகைக் கடைக்கார ஹஸீனா பீவி. அவள் போன வாரமே ஒரு பெட்டி வாங்கிவிட்டாள்.

வானொலியில் புல்லாங்குழல் போய்க்கொண்டிருந்தது. ராஜரத்தினம் பழைய கம்பியைக் கழற்றி வெள்ளிக் கம்பியை மாட்டினான். சத்தம் கணீரென்று எழுந்தது. கூட்டம் ஆகா என்றது. கம்பியை மாட்டிய கையின் கட்டைவிரல் போகிற போக்கில் சத்தக் குமிழையும் திருகியதைச் சாரதாம்பாள் பார்த்துவிட்டாள்.

"குமிழ்ல கை வைக்காம மாட்டுங்க."

அவன் சிரித்துக்கொண்டே குமிழைப் பழையபடி திருப்பி, இரண்டு கம்பியையும் மறுபடி மாற்றி மாட்டினான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். ஒரு மாற்றமும் இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

"எல்லாக் காதுக்கும் எடுத்தவுடனே பிடிபடாது டீச்சர். இது நுட்பமான காதுக்குன்னே செஞ்ச கம்பி" என்றான் அவன், கூட்டத்தைப் பார்த்து.

அழகம்மை உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு நல்லாத் தெரியுதே. மிருதங்கம் தனியா, சும்மா தும்தும்முனு கேக்குது."

வாசித்துக்கொண்டிருந்தது வெறும் ஆலாபனை. மிருதங்கம் இன்னும் தொடங்கவே இல்லை. கூட்டத்தில் மேலும் நாலைந்து தலைகள் மிருதங்கத்துக்காக ஆடின.

சாரதாம்பாள் தன் கணவரைக் கூப்பிட்டாள். கலியாணசுந்தரம் ரப்பர் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி, வம்புக்குப் போகாத மனிதர். கடையிலிருந்த வேட்டி ஒன்றை ரேடியோவுக்கு முன்னால் திரையாகக் கட்டச் சொன்னாள். பிறகு அவர் காதில் ஏதோ சொல்லி, அதன் பின்னால் அனுப்பினாள்.

"என்னங்க, கம்பியை மாத்தி மாத்தி மாட்டுங்க. எது எதுன்னு இவங்க சொல்லட்டும்."

ராஜரத்தினத்தால் எல்லார் முன்னாலும் மறுக்க முடியவில்லை. வெள்ளிக் கம்பியைக் கழற்றிச் சுருட்டிப் பெட்டியில் வைத்து, பழையதை மாட்டிக் கொடுத்தான். உள்ளே கொஞ்சம் சத்தம் கேட்டது. பிறகு குழலிசை.

"இது பழசு" என்றார்கள். மறுபடி சத்தம். "ஆங், இது வெள்ளி! பாலா ஊத்துது பாரு!" கைதட்டல். கடைசி முறை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது.

"போதும், திரையை எடுங்க" என்றாள் சாரதாம்பாள்.

வேட்டி விலகியது. மாட்டியிருந்தது பழைய செம்புக் கம்பி. வெள்ளிக் கம்பி வெல்வெட் பெட்டிக்குள் சுருள் கலையாமல் கிடந்தது. கலியாணசுந்தரம் அதைத் தொடவே இல்லை. பழையதையே கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார்.

முடிந்தது கடைக்காரன் கதை என்று அவள் நினைத்தாள்.

ராஜரத்தினம் கையைத் தட்டினான். "பாத்தீங்களா! முன்னாடி கொஞ்ச நேரம்தான் வெள்ளிக் கம்பி ஓடுச்சு. அதுக்கே செட் உள்ளுக்குள்ள சுத்தமாகிப்போச்சு. இப்ப செம்புலகூட இப்படிக் கேக்குதுன்னா, வெள்ளியை வீட்ல நிரந்தரமா மாட்டினா எப்படி இருக்கும்!"

கூட்டம் மூச்சு விட்டது. அவர்களுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. அழகம்மை முதல் ஆளாக இரண்டு பெட்டி கேட்டாள். சாரதாம்பாள் வெளியே வந்து சாக்கடையில் காறித் துப்பினாள்.

அடுத்த வாரம் அழகம்மையின் பெண்கள் பாட்டுக்கு வரவில்லை. டீச்சருக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, பாவம், வயசாகுது இல்லையா என்று அழகம்மை இரக்கத்தோடு சொன்னதாகத் தெருவெல்லாம் பேச்சு. சாரதாம்பாளுக்கு வயது நாற்பத்து மூன்று. மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கூடத்தில் விரித்த பாய் காலியாகவே கிடந்தது.

ஹஸீனா பீவி மட்டும் ஏலக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரித்தாள். "எனக்கும் ஒண்ணும் கேக்கலக்கா. அந்தக் கம்பியைக் கொல்லையில கட்டித் துணி காயப்போடுறேன். துரு பிடிக்காம நல்லா இருக்கு."

கலியாணசுந்தரத்தால் சிரிக்க முடியவில்லை. "சாரதா, போய் ஒரு வார்த்தை சொல்லிடேன். இப்பத்தான் லேசாத் தெரியுதுன்னு. புள்ளைங்க திரும்பி வந்துடும்."

"கேக்காததைக் கேக்குதுன்னு சொல்லிட்டு, எந்த வாயால நான் ஒருத்தியைச் சுருதி சேருன்னு சொல்றது?"

அவள் செமாபோக் பக்கம் சில வீடுகளில் விசாரித்தாள். அங்கே வெல்வெட் பெட்டி இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. வாரத்தில் சில நாள் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். சுதந்திர அறிவிப்பையும் அங்கே ஒரு வீட்டில், செம்புக் கம்பி மாட்டிய ரேடியோவில்தான் கேட்டாள். மைதானத்தில் கூடிய ஜனம் ஒரே குரலில் கத்தியதைக் கேட்டு அழுதாள்.

அந்த வருடம் நவராத்திரிக்கு அழைக்க அழகம்மையே நேரில் வந்தாள். பெண்கள் வேறு இடத்தில் கற்று அபஸ்வரமாகப் பாடுகிறார்களாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"பழசை மனசுல வச்சுக்காதீங்க டீச்சர். நெசத்தைச் சொன்னா, அன்னிக்கு எனக்கும் ஒண்ணும் கேக்கலை. அத்தனை பேர் முன்னால எப்படிச் சொல்றதாம்?"

இதைச் சொன்னால் மனம் இளகும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். சாரதாம்பாள் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவே கேட்டதா நம்பியிருந்தீங்கன்னா மன்னிச்சிருப்பேன் ஆச்சி" என்றாள். குங்குமத்தை எடுத்து நீட்டினாள். "இட்டுக்கிட்டுக் கிளம்புங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."