பணிமூப்புப் பட்டியலில் அப்பாவின் இடம்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்க்கும் நண்பர்க்கும் மூத்த மகளின் வணக்கம். நல்லதை மட்டும் எழுது என்கிறான் தம்பி. என்னால் முடியவில்லை.

அவிநாசி அருகே மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பத்தில் பிறந்த அப்பா, நடந்தே பள்ளிக்குப் போய்ப் படித்து, தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தார். லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர். யாரையும் நம்பாதவரும்கூட. எதில் கையெழுத்திட்டாலும் கீழேயுள்ள வெற்றிடத்தைக் கோடு போட்டு அடைப்பார். என் மதிப்பெண் அட்டையில் காலாண்டுத் தேர்வுக்குக் கையெழுத்திட்டவர், கீழேயிருந்த அரையாண்டுத் தேர்வின் கட்டத்தையும் சேர்த்து அடித்துவிட, டீச்சர் திட்டிக்கொண்டே புது அட்டை எழுதினார்.

திருப்பூர் தனி மாவட்டமானபோது அந்தச் சந்தேகம் முற்றியது. கோவை மாவட்டப் பட்டியலில் இருந்த ஊழியர்களைப் பிரித்து, புதிய பணிமூப்புப் பட்டியல் போட்டார்கள். துணை வட்டாட்சியர் பதவி உயர்வு அந்த வரிசைப்படிதான். "மாவட்டத்தப் பிரிக்கிற சாக்குல என்னயக் கீழ தள்ளீருவானுக, பாரு" என்று அம்மாவிடம் புலம்பினார்.

பயந்ததே நடந்தது. அப்பாவுக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்த வேலுச்சாமி மாமாவின் பெயர் வரைவுப் பட்டியலில் மேலே இருந்தது. மாமா அலுவலகத்தில் அப்பாவின் பக்கத்து இருக்கைக்காரர், எங்கள் வீட்டுக்குத் தினமும் வந்துபோனவர். அவர்தான் ஏதோ செய்துவிட்டார் என்று அப்பா முடிவுகட்டினார். பேச்சை நிறுத்தினார். அவர் மகள் கல்யாணத்துக்கும் எங்களைப் போக விடவில்லை.

"ஏனுங்ணா, என்ற மேல என்னுங்க கோவம்?" என்று வாசலில் வந்து நின்றார் மாமா.

"உங்களுக்கே தெரியுமுங்க" என்று அப்பா கதவைச் சாத்தினார். அன்று நானும் அவர் பக்கம்தான்.

அப்பா ஆட்சேபணை மனு கொடுத்தார். தன்னிடமிருந்த பணிப்பதிவேட்டு நகலை மட்டும் இணைக்கவில்லை. கொடுத்தால் வேண்டுமென்றே தொலைத்துவிடுவார்களாம்! ஆனாலும் இறுதிப் பட்டியலில் உரிய இடம் கிடைத்து, துணை வட்டாட்சியரானார். தன் மனுதான் வென்றது என்று கடைசிவரை நம்பினார். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் மாத்திரை அட்டையின் தேதியைப் பார்த்துவிட்டே விழுங்கினார்.

அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக அலுவலகம் போனபோது அப்பாவின் கோப்பைப் பார்த்தேன். 'ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்று அவர் மனு தள்ளுபடியாகியிருந்தது. அடுத்த தாளில் வேலுச்சாமி மாமா எழுதியிருந்தார்: 'இவர் எனக்கு முன்பே பணியேற்றவர். பழைய அலுவலக ஆணைகளைத் தேடியெடுத்து இணைத்துள்ளேன். என் பெயரை இவருக்குக் கீழே வைக்க வேண்டுகிறேன்.' மாமா உதவியாளராகவே ஓய்வு பெற்றார்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். "அப்பாகிட்ட ஏன் மாமா சொல்லலீங்க?"

"சொன்னா, இதுல என்ன சூதிருக்குதுன்னு பாப்பாருங் கண்ணு. அவருக்கு எடம் கெடச்சுதில்ல, உடு."

அப்பாவின் நோயில் துணைநின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேலுச்சாமி மாமாவுக்கு நன்றி போதாது. எங்களை மன்னித்துவிடுங்கள், மாமா.

அப்பா இதைப் படித்திருந்தால், அந்தக் கடிதத்தில் இருப்பது மாமாவின் கையெழுத்துதானா என்று சரிபார்க்கச் சொல்லியிருப்பார். பார்த்துவிட்டேன், அப்பா. அவருடையதுதான்.