பரிவட்டம் கட்டும் கை

நான் பொய் சொன்னேன். வாய்தவறி அல்ல... தெரிந்தே சொன்னேன்.

நான் மானிடவியல் பேராசிரியன். அரசர்கள் எப்படி உருவாகிறார்கள் என்பதே என் ஆராய்ச்சி. எத்தனையோ நாடுகளில் மன்னனுக்கு முடிசூட்டும் உரிமை அவன் வருவதற்கு முன்பே அம்மண்ணில் வாழ்ந்த குடிகளுக்குத்தான். வகுப்பில் இதை எவ்வளவு முழங்கியிருக்கிறேன்!

திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அதையே கண்டேன். அம்மன் திருவிழாவில் நாட்டாமையின் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வார்கள். முன்பு அதைக் கட்டியவர்கள் காலனியில் வாழும் ஏழுமலையின் குடும்பத்தார். நாட்டாமையின் தாயாரே என்னிடம் சொன்னார்: "அவங்க கையால கட்டினாத்தான் நாட்டாமை!" ஆனால் இடையில் ஊரார் அவர்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டிருந்தார்கள்.

ஏழுமலை உரிமை கேட்டு மனுக் கொடுத்தார். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் சமாதானக் கூட்டம் நடந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அந்த ஊர்லயே தங்கி ஆராய்ச்சி பண்ணவரு. அப்படி ஒரு வழக்கம் இருந்துச்சா சார்?"

"அந்த மாதிரி எதுவும் நான் கேள்விப்படலை" என்றேன்.

ஏன்? அதற்கு முந்தைய திருவிழாவில் நாட்டாமை வீட்டார் எனக்கும் ஒரு பரிவட்டம் கட்டியிருந்தார்கள். அந்தப் பட்டுத்துணி நெற்றியில் இறுகியபோது... என்ன சுகம்! அதிகாரத்தைப் படித்தவன் அதற்கு இவ்வளவு மலிவாக விலைபோவானா? போனேன்.

ஏழுமலை என்னை ஒருமுறை பார்த்தார். எழுந்து போய்விட்டார். அடுத்த திருவிழா வருவதற்குள் இறந்தும் போனார்.

அவர் மகள் செல்வி, செங்கம் ரோட்டில் காபிக் கடை நடத்துகிறார். சென்ற மாசியில் அங்கே போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எங்கப்பா உங்களை ரொம்ப நம்புனாரு சார். என்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? பொய் சொன்ன எடத்துலயே வந்து சொல்லுங்க."

மறுபடியும் கூட்டம் கூட்டச் செய்தார் செல்வி. ஊரார் முன்னிலையில் உண்மையைச் சொன்னேன். நாட்டாமை சீறி எழுந்தார். அவரைவிட வேகமாக எழுந்தார், முதல் கூட்டத்துக்கு வந்திராத அவர் தாயார்.

"உக்காருடா! அவரு சொல்றது நெஜம். நானே கண்ணால பாத்திருக்கேன்."

இந்த ஆடியில் செல்வி கோயிலுக்குள் போனார். நாட்டாமை தலை குனிந்தார். செல்வி பரிவட்டம் கட்டினார். காலனிப் பெண்கள் குலவையிட்டார்கள்... மலை வரைக்கும் கேட்டிருக்கும்!

வெளியே வந்தவர் என்னருகே நின்றார். "அடுத்த வருஷம் என் பொண்ணு கட்டுவா சார். நீங்களும் வாங்க."

வரச் சொன்னார், மன்னித்ததாகச் சொல்லவில்லை. ஏழுமலை இல்லாத இடத்தில் வேறு யார்தான் அதைச் சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்கள்...