பாலத்தடி எஞ்சினும் பூசணிக்காயும்

கம்பளைப் பக்கத்துப் பழைய பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள், அதனடியில் கொட்டகையில் நிற்கும் நீராவி எஞ்சினைப் பார்க்காமல் போனால் வீரையாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். விக்டோரியா மகாராணி காலத்தில் பாலம் கட்டியபோது தூண்குழிகளிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொட்டிய எஞ்சின். அது இல்லாமல் பாலமாவது ஒன்றாவது! அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, விசேஷ நாட்களில் ஓட்டிக் காட்டுவது அவர் வேலை. எண்பத்து மூன்றாம் வருட இனக்கலவரத்தில் அவர் வீடு சாம்பலானது. அகதி முகாமிலிருந்து திரும்பிய மனுஷன், மனைவி யசோதாவைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு நேரே ஓடியது எஞ்சினிடம்தான். "கட்டின பொண்டாட்டி நானா, அதுவா?" என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

போர் முற்றியபோது பாலத்துக்கு இராணுவக் காவல் வந்தது. பாலத்தடியில் ஒரு தமிழன் கொட்டகைச் சாவியோடு திரிவது காவலுக்குப் பொறுப்பான புதிய கோப்ரலின் கண்ணை உறுத்தியது. சின்னப் பிழை நடந்தாலும் சாவியைப் பறித்துவிடுவதாகச் சொல்லிவைத்தான். சாவி போனால் வீரையாவிடம் வேறென்ன மிச்சம்?

அந்த வருடம் ஆயுத பூசையன்று நாவலப்பிட்டியிலிருந்து இராசமணி டீச்சர் தன் வகுப்போடு எஞ்சினைப் பார்க்க வந்தார். நீராவி ஏறிவிட்டது, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. ஓட்டுமுன் உடைக்க வேண்டிய பூசணிக்காயை வீரையா சாக்கில் சுற்றிச் சக்கரத்தடியில் வைத்திருந்தார். போர்க்காலத்தில், காவல் போட்ட பாலத்தடியில், சாக்கில் சுற்றி! வேறு யாருக்கு வரும் இந்தப் புத்தி?

"குண்டு!" என்று கத்தினான் எட்டிப் பார்த்த கோப்ரல். டீச்சரும் பிள்ளைகளும் புல்லில் குப்புற விழுந்தார்கள். சிப்பாய்களின் துவக்குகள் வீரையா பக்கம் திரும்பின. அவர் மெல்லப் போய்ச் சாக்கை அவிழ்த்து, பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கி, எஞ்சினுக்குச் சுற்றிப் போட்டு உடைத்தார். குங்குமம் சிதறியது.

"எங்க எஞ்சின் கும்பிட்டாத்தான் ஓடும், மாத்தயா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நீராவியைத் திறந்தார். சக்கரம் சுழன்றது. பிள்ளைகள் எழுந்து கைதட்டினார்கள். சிப்பாய்கள் துவக்கைத் தாழ்த்திவிட்டு வாய் பிளந்து நின்றார்கள். வீரையாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கோப்ரலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன் ஜீப்புக்கும் பொட்டு வைக்கச் சொன்னான். வைத்தார். பிறகு, இதற்கும் வை என்று துவக்கை நீட்டினான்.

வீரையா குங்குமக் கிண்ணத்தை மூடினார். "ஓடுறதுக்கு வைப்பேன், மாத்தயா. சுடுறதுக்கு வைக்க மாட்டேன்."

கோப்ரலின் சிரிப்பு நின்றது. "சாவி" என்று கை நீட்டினான். வீரையா இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். கோப்ரல் அதைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சினையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அடுத்த வருஷம் பூசணிக்காயை முதலில் எனக்குக் காட்டு" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.

வீரையா அதை இடுப்பில் செருகிக்கொண்டார். "வாங்க டீச்சர், பிள்ளைங்களக் கிட்ட கூட்டிட்டு வாங்க. இன்னொரு தடவ ஓட்டுறேன்."