என் மகளுக்கு வந்தது சாமி அல்ல

என் மகளுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. தொந்தி வைத்த கடை முதலாளிகளுக்கு வரும் நோய் என்றுதான் மதுரையில் பலரும் அதை நினைத்திருந்தார்கள். குச்சி மாதிரி இருந்த பிள்ளைக்கு எப்படி வந்தது என்று விசாரித்த என் கணவர் வீட்டு நெருங்கிய சொந்தக்காரர்கள் பதிலையும் கையோடு கொண்டுவந்தார்கள். நான் இனிப்பாகக் கொடுத்துக் கெடுத்தேனாம். மாசமாக இருந்தபோது மாம்பழத்தை அள்ளித் தின்றேனாம். போன பிறவியில் என்ன செய்தேனோ என்றும் ஒருத்தி கேட்டாள். டாக்டர் மட்டும்தான், இதில் யார் தப்பும் இல்லை, தினமும் ஊசி போட்டால் உயிரோடு இருப்பாள், போடாவிட்டால் இருக்கமாட்டாள் என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து நானே போடப் பழகினேன். மருந்துப் புட்டியை ஈரமணல் பானைக்குள் வைத்திருந்தேன். ஊசியைக்கூடச் சமாளித்துவிடலாம், அதற்குப் பிறகுதான் பயமே. ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், உடம்பு நடுங்கும், பேச்சு குழறும். உடனே வாயில் சீனி போடவேண்டும். போட ஆள் இல்லாவிட்டால் பிள்ளை நமக்கில்லை. பள்ளிக்கூடம் விட்டு அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை தினமும் தெருவைப் பார்த்தபடியே நிற்பேன்.

இவ்வளவு இருந்தும் வெளியே மூச்சு விடக்கூடாது என்று என் நாத்தனார் சட்டம் போட்டிருந்தார். கணவருக்கு மூத்தவர், அக்கா சொல்லைத் தட்ட என் கணவருக்கு வாய் வராது. பெண் பிள்ளை, தெரிந்தால் எவன் கட்டுவான் என்பது அவர் வாதம். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த என் அண்ணன் மகனுக்குத்தான் இவள் என்று தொட்டிலிலேயே பேசி வைத்திருந்தோம். அதனால் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை. யாரிடமும் பேசக்கூடாது என்று மகளையும் மிரட்டி வைத்திருந்தோம்.

பதின்மூன்றில் அவள் பெரிய மனுஷி ஆனாள். நாத்தனார் வந்து இறங்கி, கருப்பட்டி போட்ட உளுந்தங்களியைக் கிண்டி உருட்டி வைத்தார். அதை நான் எடுத்து அப்பால் வைத்தேன். தீட்டு முடியும்வரை பிள்ளையைத் தொடக்கூடாது என்றார். தொடாமல் ஊசியை எப்படிப் போடுவது?

“ரெண்டு மூணு நாளு போடலைன்னா என்ன, குடியா முழுகிப் போகும்?” என்று கேட்டார்.

“போடலைன்னா, சடங்கு சுத்துறதுக்குப் பொண்ணு இருக்க மாட்டா மதினி.”

வேளை தவறாமல் போட்டேன். தொட்டதற்காக ஒவ்வொரு தடவையும் என்னைத் தலைக்கு ஊற்றச் சொன்னார். ஊற்றிக்கொண்டேன். தண்ணீர் ஊற்றினால் நான் கரைந்தா போய்விடுவேன்?

சடங்கு நாள் காலையில் ஊசி போட்டுவிட்டு இட்லியை எடுத்து வைத்தேன். அதற்குள் தாய்மாமன் சீர் தெருமுனைக்கு வந்துவிட்டது, பெற்றவள்தான் எதிர்கொண்டு அழைக்க வேண்டும் என்று என்னை இழுத்துப் போய்விட்டார்கள். போகும்போது அவள் பக்கத்தில் இருந்த பெண்களிடம் இட்லியை ஊட்டிவிடச் சொல்லிவிட்டுத்தான் போனேன். மாமன் மாலை விழுமுன் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று நாத்தனார் தட்டை மூடி வைத்துவிட்டது எனக்குத் தெரியாது. அண்ணன் கொட்டு மேளத்தோடு, வெடி போட்டு, அடிக்கொரு தரம் நின்று நின்று வந்தார். ஊரே பார்க்க வேண்டுமே! லட்டு, அதிரசம், கற்கண்டு, சீனி என்று தட்டு தட்டாக வந்ததில் என் மகள் பயமில்லாமல் வாயில் போடக்கூடியது வெற்றிலை ஒன்றுதான்.

வீட்டுக்குள் நுழையும்போதே குலவைச் சத்தம். பட்டுச்சேலையும் பூவுமாக மணையில் உட்கார்ந்திருந்த என் மகள் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. கண் எங்கேயோ நின்றது. என்னவோ உளறினாள். சுற்றி நின்ற பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருத்தி சூடம் கொளுத்தினாள், இன்னொருத்தி நெற்றி நிறையத் திருநீறு அப்பினாள். என்ன வாக்குச் சொல்லப் போகிறாள் என்று ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காத்து நின்றார்.

சீர்த்தட்டிலிருந்து சீனியை அள்ளிக்கொண்டு ஓடினேன். நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆத்தா இறங்கியிருக்கா. எச்சிப் படுத்தாதே.”

“ஆத்தா இல்ல மதினி, சக்கரை வியாதி. நாலு வருசமா இருக்கு.”

அந்த வீட்டில் அதை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கையை உதறிக்கொண்டு மகளின் உதட்டைப் பிரித்து, சீனியைக் கன்னத்துக்குள் அப்பினேன். துப்பினாள், மறுபடியும் அப்பினேன். பட்டுச்சேலை முழுக்கச் சீனி. மேளக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கி, “அம்மா, பசிக்குது” என்றாள்.

நாத்தனார் என் காதருகே குனிந்தார். “சாமின்னே இருக்கட்டும்டி. சனமே கும்பிட்டிருச்சு. ஒனக்கென்ன நட்டம்?”

நல்ல யோசனைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். நான் உளறியதை மறக்க அத்தனை பேரும் தயாராகவே இருந்தார்கள். அருள் வந்த பெண் என்று மகளுக்கு மரியாதைகூடக் கிடைத்திருக்கும். ஆனால் நாளைக்கு ஒரு பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ நான் இல்லாத இடத்தில் இவள் ஆடினால், இதே ஆட்கள் இதே மாதிரி சூடம் காட்டிக் கும்பிட்டுக்கொண்டே இவளைச் சாகவிடுவார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்றேன்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. எம்மகளுக்கு மறுபடி இப்படி வந்தா யாரும் திருநீறு பூசாதீங்க. வாயில சீனி போடுங்க. தெரியாதவங்களுக்கும் சொல்லுங்க.”

அண்ணன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தன்னிடமுமா மறைத்தேன் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“மாப்பிள்ளைப் பேச்சை இதோட விட்டுருங்கண்ணே. எம்புள்ள மொதல்ல உசுரோட இருக்கட்டும்.”

அண்ணன் மனைவி கை நனைக்காமல் கிளம்பினார். அண்ணன் மாலையைப் போட்டுவிட்டு, பந்தியில் உட்கார்ந்து தலைகுனிந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பேச்சை அதற்குப்பின் யாரும் எடுக்கவில்லை. எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

சாயங்காலம் மகளின் தலையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டே, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன், டீச்சரிடமும் கூடப் படிக்கிற பிள்ளைகளிடமும் நானே சொல்கிறேன் என்றேன். பெரிய காரியம் செய்த தெம்பு எனக்கு.

“பிள்ளைகளுக்கு வேணாம்மா. என் பெஞ்சுல எல்லாருக்கும் தெரியும். மூணு பேரு ஜாமெட்ரி பாக்ஸுல சீனிப் பொட்டலம் வச்சிருக்காளுக. ரெண்டு தடவை வாயில போட்டும் விட்டுருக்காளுக.”

யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதானே சொல்லியிருந்தோம் என்று கேட்டேன்.

“நீங்க சொன்னீங்க. மயக்கம் எனக்குத்தானே வருது” என்றாள்.