ஆணியும் கிராம்பும்

இடது கன்னத்தில் ஆணி, வலது கன்னத்தில் கிராம்பு. குஷன்காரர் நாக்கால் ஓர் ஆணியை உதட்டுக்குத் தள்ளுவார். விரல் எடுக்கும், சுத்தியல் அடிக்கும். வலது பக்கம் முப்பது வருடமாகச் சிகரெட்டுக்கு என்று இருந்த இடம். சிகரெட்டை நிறுத்த மூலிகைக் கடையில் சொன்னார்கள் என்று இப்போது அங்கே கிராம்பு.

சட்டைப் பையில் ஹோமியோபதி டாக்டர் கொடுத்த குப்பியும் இருக்கிறது. உள்ளே கடுகளவு வெள்ளை உருண்டைகள். கை படாமல் மூடியில் நாலு தட்டி, அப்படியே நாக்கில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னும் அரை மணி நேரம் வாயில் எதுவும் இருக்கக் கூடாது. கிராம்பு வாசனை ஆகவே ஆகாது. மூலிகைக் கடைக்காரரோ அதை எந்நேரமும் வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். "ரெண்டு பேரையும் பகைச்சுக்க முடியுமா சார்?" என்று கடிகாரத்தைப் பார்த்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார். உருண்டை நேரத்தில் ஆணியையும் துப்பிவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவார். குஷன் மாற்றக் கொடுத்த என் நாற்காலி ஒரு மாதமாக அவர் கடையில் கிடப்பது இதனால்தான்.

ஒரு நாள் ஆணி என்று நினைத்துக் கிராம்பை வைத்து அடித்துவிட்டார். புதுத் துணியில் பழுப்பாக ஒரு கறை. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எந்தக் கன்னத்துல எதுன்னே மறந்துபோகுது சார். இந்தப் பாழாப்போன வாய் கேட்டுக்கிட்டே இருக்கு."

அவருடைய பேத்தி எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். மூச்சு இழுக்கும். "நாப்பது நாள் சிகரெட்டைத் தொடாம இருங்கப்பா. அப்புறம் குழந்தையைத் தூக்குங்க" என்று மகள் சொல்லிவிட்டாள். அதுவரை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கலாம். தினமும் கடை திறந்ததும் வேலைப் பலகையின் ஓரத்தில் ஓர் ஆணி அடிப்பார். சிகரெட் இல்லாத நாளுக்கொன்று.

நாற்பதாவதை அடித்த காலையில் நான் போனபோது கடைக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. என்னைக் கண்டதும் காலால் நசுக்கினார்.

"ஒண்ணே ஒண்ணு சார். இன்னைக்குத் தூக்கப் போறோம்னு நினைச்சதும் பயம் வந்துடுச்சு. கை தானா பெட்டிக்கடைக்குப் போயிடுச்சு."

இருவரும் முன்பக்கம் வந்தோம். அவர் சோப்புப் போட்டுக் கை கழுவினார், விரலை முகர்ந்து பார்த்தார், மறுபடி கழுவினார். வாய் நிறையக் கிராம்பை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

சற்று நேரத்தில் மகள் வந்துவிட்டாள், தோளில் குழந்தையோடு. நேராகப் பலகைக்குப் போய் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். கடைசி ஆணிக்கு வந்ததும் அவள் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

"ஜெயிச்சிட்டீங்கப்பா! இந்தாங்க, பிடிங்க."

குழந்தையை நீட்டினாள். அது கொட்டாவி விட்டது. காலையில் அந்தப் புகையைப் பார்த்தவன் நான் ஒருவன்தான், காட்டிக்கொடுப்பதாகவும் இல்லை. குஷன்காரரின் கைகள் எழுந்தன, பாதியில் நின்றன. பிறகு குறடு ஒன்றை எடுத்து, பலகை ஓரத்தில் குனிந்து, முதல் ஆணியிலிருந்து பிடுங்கத் தொடங்கினார்.