வாப்பாவின் பிக்கப்பும் என் வலது காலும்

புயலில் எங்கள் வளவில் விழுந்த தென்னைகளில் ஒன்று தேடிப் பிடித்ததுபோல் வாப்பாவின் பிக்கப்புக்கு மேல் விழுந்தது. வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. ஓட்ட ஆளில்லாமல் முற்றத்தின் மூலையில் தென்னங்கிடுகு போட்டு மூடி வைத்திருந்த வண்டி அது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்தது என்று வாப்பா பெருமையடிப்பார். மரம் விழுந்ததில் கூரை ஆசனம்வரை அமுங்கி, கண்ணாடி தூளாகி, பின்பெட்டியின் பலகைகள் பிளந்து கிடந்தன. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒரு நிம்மதி. இனி இதை ஒருவரும் ஓட்டப்போவதில்லை என்று நினைத்தேன்.

என் கணவர் வேறு விதமாக நினைத்தார்.

அவர் நெல் மில்லில் எஞ்சின் பார்க்கிறவர். வேலையில் கைகாரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மில் எஞ்சின் நின்ற இடத்தில் நின்று ஓடுவது. அது ஒருநாளும் சந்தியில் மாட்டுக்கு வழிவிட வேண்டியதில்லை. ஓடிப்போகிற ஒன்றை நிறுத்துவதைப் பற்றி இந்த மனிசனுக்கு என்ன தெரியும்? இதுதான் என் முதல் கவலை. கடைசிவரை இருந்த கவலையும் இதுதான்.

எனக்கு மூத்தவர், என் காக்கா, வந்து பார்த்து, "இத இரும்புக்காரனுக்குக் குடுத்துட்டு வேற வேலயப் பாருங்க மச்சான்" என்றார். கணவர் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினால் அதற்கு ஓம் என்று அர்த்தமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே, விழுந்த தென்னைகளைத் தறித்துத் தூணாக நட்டார். புயல் எங்கிருந்தோ கொண்டுவந்து வளவுக்குள் போட்ட தகரங்களை, யார் வீட்டுக் கூரையென்று கேட்டுப் பார்த்தும் ஆள் வராததால், மேலே போட்டார். வேலிப்பக்கம் பாய் கட்டி மறைத்தார். எங்கள் வீட்டுக்கு இப்படித்தான் ஒரு கராஜ் வந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டில் வந்து குடியிருப்பார். அதனால் மாமியாரும் மருமகனும் ஒரே கூரையின் கீழ். ஆனால் மரியாதைக்காக இருவரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. உம்மா குசினிக் கதவின் சீலைக்குப் பின்னால் நின்று, "மருமகன் தேத்தண்ணி குடிக்கிறாராமா, கேளு மகள்" என்பார். கணவர் எட்டினால் தொடும் தூரத்தில் இருந்துகொண்டு, "ஓமெண்டு சொல்லு" என்று என்னிடம் சொல்வார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் சம்பளமில்லாத தபால்காரி.

வண்டி வேலை தொடங்கியதும் என் குசினி பாதி கராஜுக்குப் போனது. பால் காய்ச்சும் சட்டியில் நட்டுகள் மண்ணெண்ணெய்க்குள் ஊறின. அமுங்கிய கூரையை உள்ளேயிருந்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தார். துருக்கறளைச் சுரண்டச் சுரண்டத் தகரம் குறைந்துகொண்டே போனது, மிச்சம் ஏதும் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். மில்லில் இருந்து வந்து குளிக்காமல் அதற்குள் நுழைவார், மஃரிபுக்குப் பாங்கு சொன்னால்தான் வெளியே வருவார். எஞ்சின் ஒருநாள் இருமி, புகைவிட்டு, ஓடத்தொடங்கியபோது தெருவே எட்டிப் பார்த்தது. எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் ஒரே நினைப்பு. ஓடத்தொடங்கிவிட்டதே, இனி நிற்க வேண்டுமே.

பிரேக் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. குழாய்க்குள் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காதாம். ஒருவர் உள்ளேயிருந்து மிதிக்க, மற்றவர் சக்கரத்தடியில் படுத்து ஒரு சின்ன நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியே விடவேண்டும். காக்காவைக் கூப்பிட அவருக்கு மனமில்லை. "நீ ஏறு" என்றார். பெண்பிள்ளை வண்டியோட்டுகிற ஆசனத்தில் இருப்பதை ஊர் பார்த்தால் என்ன கதை வரும்? பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டிவிட்டு ஏறினேன்.

"அமத்து" என்று கீழேயிருந்து சத்தம் வரும். மிதிப்பேன். "புடி." பிடித்துக்கொண்டிருப்பேன். "உடு." விடுவேன். முதலில் வயல் சேற்றுக்குள் கால் வைத்ததுபோல் ஆழமாகப் போனது. பிறகு பிறகு காலுக்கு ஒரு தடை வந்தது. கடைசியில், பாதி தூரத்தில் உறுதியாக நின்று, விட்டதும் உடனே மேலே வந்தது. "இதுதான் பிரேக்" என்றார், முகமெல்லாம் கரியாக. அந்த உணர்வை என் வலது கால் மறக்கவில்லை. சோறு ஆக்கும்போதும் என்னையறியாமல் நிலத்தை மிதித்துப் பார்த்தேன்.

அதோடு என் பயம் தீர்ந்திருக்க வேண்டும், கூடிக்கொண்டுதான் போனது. வண்டி சரிவந்தால் முதல் பயணம் சொந்த பந்தத்தோடு போகவேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். பெண்களும் பிள்ளைகளும் ஏறிய வண்டிக்குக் காவல் உண்டு என்பார்கள். இறக்காமத்தில் எங்கள் வயலில் நெல் வெட்டு முடிந்திருந்தது, அங்கேயே கந்தூரிச் சோறு ஆக்கிக் கொடுப்பது என்று முடிவானது. காரைதீவுச் சந்தியால் திரும்பி, மாவடிப்பள்ளித் தாம்போதியைக் கடந்து போகவேண்டும். வெள்ளம் வந்தால் தண்ணீர் மேலால் பாயும் தாழ்ந்த ரோடு அது. இரண்டு பக்கமும் தண்ணீர், ஓரத்தில் ஒரு கம்பிகூட இல்லை. நான் கண்ணை மூடினால் நீலப் பெயின்ற் அடித்த பிக்கப் அந்தத் தண்ணீருக்குள் சரியும், திறந்தால் கணவர் விசிலடித்துக்கொண்டு சக்கரத்தைத் துடைப்பார். இரண்டில் எது மோசமென்று தெரியவில்லை.

உம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அல்லாட காவல்" என்றுவிட்டு அரிசி புடைக்கத் தொடங்கினார். உம்மாவுக்கு எதற்கும் பயமில்லை, இந்தப் பாழாய்ப்போன பயம் எனக்கு எங்கிருந்து வந்ததோ என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முதல்நாள், கடைசியாக ஒருதரம் பார்ப்போம் என்று ஏறி மிதித்தேன். கால் வேறு ஏதோ சொன்னது. பிரேக் மேலேயே இறுகி நின்றது. விட்டபோது உடனே வராமல் சோம்பலாக எழும்பி வந்தது.

"இஞ்ச பாருங்க, இண்டைக்கு இது வேற மாதிரி இரிக்கி" என்றேன்.

"புது ரப்பர், இறுக்கமாத்தான் இரிக்கும்."

"முந்தநாள் இப்பிடி இருக்கல்ல."

"உன்ட காலுக்கும் பயம் புடிச்சிட்டு" என்று சிரித்தார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ஆனால் என் கால் சொன்னதை நானே முழுதாக நம்பவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளின் பயத்தை யார் கணக்கெடுப்பார்கள்?

மறுநாள் காலையில் பாத்திஹா ஓதி, எல்லோருக்கும் சர்க்கரைச் சோறு கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். முன்னால் கணவரும் காக்காவும். பின்பெட்டியில் பாய்விரித்து உம்மா, நான், உம்மாவின் தங்கைமாரான சாச்சிமார், பிள்ளைகள், சோறாக்கும் தேக்சா, வாழையிலைக் கட்டு. தெருவில் ஆட்கள் கைகாட்டினார்கள். பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். நான் யாஸீன் ஓதிக்கொண்டு வந்தேன், இடையிடையே விட்ட இடம் மறந்து திரும்பத் தொடக்கத்துக்குப் போனேன்.

காரைதீவுச் சந்தியில் பிரேக் பிடித்து நின்றோம். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஆனால் மறுபடி எடுக்கும்போது வண்டி முக்கி முனகியது. யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் போனது. கொஞ்சத் தூரத்தில் சீலை தீய்ந்தமாதிரி ஒரு மணம் வந்தது.

"தேக்சாவுல ஏதும் அடிப்புடிச்சிட்டா?" என்றார் ஒரு சாச்சி.

தேக்சாவில் இருந்தது பச்சை அரிசி. நான் எழும்பி நின்று கூரைத் தகரத்தில் தட்டினேன். காக்கா தலையை வெளியே நீட்டி, "இரிங்க, பொம்புளயள் சும்மா தட்டாதங்க" என்றார். இன்னும் பலமாகத் தட்டினேன். தாம்போதிக்குள் இறங்கியிருந்தோம். முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. நான் கத்திய கத்தில் பிள்ளைகள் அழத் தொடங்கின. கணவர் நிறுத்தவில்லை, வண்டி தானாகவே நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நாங்கள்.

எல்லோரையும் இறக்கினார். சக்கரங்கள் இறுகிப் பூட்டிக் கிடந்தன. முன்மூடியைத் திறந்து, பிரேக் எண்ணெய் ஊற்றும் டப்பாவுக்குள் விரலை விட்டு மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"இதுக்குள்ள தேங்காயெண்ண ஊத்தினது ஆரு?"

கராஜுக்குள் அவரைத் தவிர ஏறி இறங்கியவள் நான் ஒருத்திதான். காக்காவும் என்னைப் பார்த்தார், சாச்சிமாரும் பார்த்தார்கள். அந்த எண்ணெயில் ரப்பர் ஊதிப்போய், மிதித்த பிரேக் திரும்பி வராமல் பிடித்துக்கொண்டது என்று அவர் காக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது.  இத்தனை நாள் பயந்து பயந்து, கடைசியில் நானேதான் ஏதும் செய்துவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"மருமகன்."

உம்மாவின் குரல். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து உம்மா அவரிடம் நேரே கதைத்தது அதுதான் முதல்தரம். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"அது நான் ஊத்தின. வியாழக்கிழம ஸியாரத்துக்குப் போய், கபுறடி விளக்குல எரியிற தேங்காயெண்ணயில கொஞ்சம் கொண்டுவந்த. நீங்க மஃரிபு தொழப் போனதுக்குப் பொறகு, நீங்க எண்ண உடுற வாய்க்குள்ளதான் ஊத்தின. பறக்கத்துக்கு, வண்டிக்குக் காவலா இரிக்கட்டுமெண்டு. கேட்டு ஊத்தியிருக்கணும். உங்கக்கிட்ட எப்பிடிக் கேக்கிற?"

கணவர் தரையில் குந்தியிருந்தவர் எழும்பி நின்றார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை மரியாதைக்குக் கீழே இறக்கிவிட்டார். திட்டவும் ஏலாது, சிரிக்கவும் ஏலாது. "பரவால்ல மாமி" என்றார், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு.

ஒவ்வொரு சக்கரத்திலும் அந்தச் சின்ன நட்டைத் தளர்த்தி எண்ணெயை வெளியே விட்டதும் பூட்டு விட்டது. வண்டி உருளும். ஆனால் இனிப் பிரேக் இல்லை, கைப்பிரேக் மட்டும்தான். ரோட்டை மறித்து நின்ற வண்டிக்குப் பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. தாம்போதிக்கு அப்பால் வயலில் நின்ற ஆட்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்காத குறையாகத் திருப்பி விட்டார்கள். காக்கா பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாவடிப்பள்ளிக்கு நடப்பது, கணவர் முதல் கியரில் தனியாக வீட்டுக்கு ஓட்டிப்போவது என்று முடிவாயிற்று.

தனியாக. காரைதீவுச் சந்தி, சாய்ந்தமருதுக் கடைத்தெரு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாடுகள்.  நான் ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"எறங்கு" என்றார்.

"கைப்பிரேக்க நான் இழுக்கிறன். நீங்க ரோட்டப் பாருங்க. இந்தமுற என்ட காலு சொன்னதக் கேக்காட்டியும் கை சொல்றதயாவது கேளுங்க."

அவர் பதில் சொல்லமுன் அந்தப் பக்கக் கதவு திறந்தது. உம்மா ஏறிக்கொண்டிருந்தார்.

"உம்மா! எறங்குங்க. இதுக்கு பிரேக் இல்ல, விளங்குதா?" நான் உம்மாவிடம் அப்படிக் கத்தியது அதுவரை இல்லை.

உம்மா ஆசனத்தில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டார். "உன்ட வாப்பா இதுல போன நாளெல்லாம் நான் ஊட்டுல இருந்து பயந்த. காட்டு ரோட்டால, யான நடமாடுற ரோட்டால நெல்லு ஏத்திப் போவாரு. திரும்பி வார வரைக்கும் எனக்கு ஒரு வாய் சோறு எறங்கினதில்ல. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களும் பயப்புடுவீங்கெண்டு காட்டல்ல. ஊட்டுல இருந்து பயப்புடுறத விட உள்ளுக்க இருந்து பயப்புடுறது லேசு மகள்." கதவை இழுத்துச் சாத்தினார்.

கணவர் கியரைப் போட்டார். வண்டி நடை வேகத்தில் நகர்ந்தது. என் வலக்கை கைப்பிரேக்கில் இருந்தது. இடக்கையை உம்மா பிடித்தார். அவர் கை குளிர்ந்து, உதறிக்கொண்டிருந்தது. அரிசி புடைக்கும்போது, சட்டி கழுவும்போது, வாப்பா வந்து சோற்றுக் கோப்பையின் முன் இருக்கும்போது எத்தனையோ தரம் பார்த்த கை. அது நடுங்குமென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சந்தியில் இழுத்தேன், நின்றது. கடைத்தெருவில் இழுத்தேன், நின்றது.  வீட்டு வாசல் கடப்படியில் வண்டி நின்று, கணவர் இறங்கிப்போய் டயருக்கடியில் கல் வைத்துவிட்டு வந்த பிறகும் உம்மா என் கையை விடவில்லை, நானும் எடுக்கவில்லை.